நீண்ட படகே நெடுந்தூரம் போகும்

“கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது” என்பது நம் பழமொழி. உருவத்தில் சிறியவன் என்பதாலோ என்னவோ, பள்ளி நாட்களிலிருந்தே எனக்கு மிகவும் பிடித்த பழமொழி அதுதான். ஆனால் அது கடலில் எப்போதும் செல்லுபடியாகாது என்பதைச் செம்பவாங் கரையில் ஒரு ஜூன் மாதக் காலையில் கற்றுக்கொண்டேன். அன்று கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் என்னைப் பற்றிச் சில வரிகள். என் தாத்தா செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1938ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கே திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை சுமார் 1,000 அடி நீளம். அந்தக் காலத்தில் உலகின் மிகப் பெரிய உலர்துறைகளில் அதுவும் ஒன்று. 1968இல் அந்தத் தளம் செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. பின்னாளில் அப்பா அங்கே வெல்டராகச் சேர்ந்தார். ஆக, இரண்டு தலைமுறையாக எங்கள் வீட்டில் சோறு போட்டது கப்பல்தான். ஆனால் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் நீந்தத் தெரியாது! “கப்பலுக்கு அடியில முப்பது வருஷம் வேலை செஞ்சிருக்கேன் தம்பி, தண்ணியில ஒரு நாளும் இறங்குனதில்ல” என்பார் அப்பா. அந்தக் குறையைப் போக்கத்தான் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு விடுமுறையில் நான் கயாக் பயிற்சியில் சேர்ந்தேன்.

அந்தக் காலை

அன்று நாங்கள் எட்டுப் பேர். படகுகள் பல அளவில் இருந்தன. நான் தேர்ந்தெடுத்தது 2.7 மீட்டர் நீளமுள்ள குட்டைப் படகு. அகலமாக இருந்தது; உட்கார்ந்தால் நாற்காலி மாதிரி அசையாமல் நின்றது; சட்டென்று திரும்பியது. என் தோழி ஒருத்தி 4.8 மீட்டர் நீளமுள்ள ஒல்லியான படகை எடுத்தாள். “இதைத் திருப்பவே உனக்கு அரை நாள் ஆகும்” என்று கேலி செய்தேன். அவள் என்னைவிட எடை குறைந்தவள், கை வலுவும் குறைந்தவள்.

செம்பவாங் கரையிலிருந்து கிழக்கே, புலாவ் சிலேத்தார் இருக்கும் திசையில் கிளம்பினோம். ஜோகூர் நீரிணையின் இயல்பை இங்கே சொல்லியாக வேண்டும். 1920களில் கட்டப்பட்ட கடற்பாலம் உட்லண்ட்ஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே நீரிணையை அடைத்து நிற்கிறது. ஆகவே செம்பவாங் பக்கத்து நீர், ஒரு முனை மூடிய நீண்ட வாய்க்கால் போன்றது. கடல் ஏறும்போது நீர் கிழக்கிலிருந்து உள்ளே வருகிறது. வற்றும்போது கிழக்கு நோக்கியே வெளியேறுகிறது. அன்று நாங்கள் கிளம்பியது வற்றுநீரில். போகும்போது எல்லாரும் வீரர்கள்தாம்! நீரே எங்களைச் சுமந்து சென்றது.

திரும்பும்போதுதான் வினை. நீர் எதிரே. போதாக்குறைக்கு மேற்கிலிருந்து காற்றும் எழுந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் விடியலிலும் காலையிலும் மேற்கிலிருந்து வந்து தாக்கும் ‘சுமத்ரா’ காற்றைப் பற்றிப் பயிற்றுநர் முன்பே எச்சரித்திருந்தார். வானம் கறுத்ததும் கரை சேரச் சொல்லி விசில் ஊதினார். நான் முழுப் பலத்தோடு துடுப்பு வலித்தேன். படகின் மூக்கு இடமும் வலமும் ஆடியது, ஓசை பெரிதாகக் கேட்டது, நுரை பொங்கியது. ஆனால் கரையில் இருந்த ஒரு மரம் மட்டும் எனக்கு நேராகவே நின்றுகொண்டிருந்தது. என் தோழியோ அலட்டிக்கொள்ளாமல் என்னைத் தாண்டிப் போனாள். கடைசியில் பயிற்றுநர் என் படகில் கயிறு கட்டி இழுத்துச் சென்று கரை சேர்த்தார். மழை கொட்டத் தொடங்கியது. என் கன்னத்தில் வழிந்தது மழைநீர் மட்டும்தான் என்று இன்றும் சாதிக்கிறேன்.

அன்று மாலை அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். என் கை வலுவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “படகு என்ன நீளம்?” என்பதுதான்.

அலையே சுவர்

கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவருக்குத் தெரிந்திருந்த அந்தச் செய்தி என்ன? நூலகத்தில் தேடியபோது, அதைக் கணக்கிட்டுக் காட்டியவர் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் என அறிந்தேன். 1870களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் தம் வீட்டருகே நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் சிறிய மாதிரிக் கப்பல்களை இழுத்து, எந்த வேகத்தில் எவ்வளவு தடை ஏற்படுகிறது என்று அளந்தார் அவர். இன்றும் கப்பல் வடிவமைப்பாளர்கள் அவருடைய பெயரால் அமைந்த ‘ஃபுரூட் எண்’ணைப் பயன்படுத்துகிறார்கள்.

அவர் ஆராய்ந்ததை எளிமையாகச் சொல்கிறேன். படகு நீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது மூக்கருகே ஓர் அலை எழுகிறது. படகின் வேகம் கூடக் கூட, அந்த அலையின் முகட்டுக்கும் அதற்குப் பின்னால் வரும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான தூரமும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் முதல் முகடு படகின் மூக்கிலும் இரண்டாவது முகடு வாலிலும் வந்து நிற்கும். அதற்குமேல் வேகமெடுக்க முயன்றால் பின்முகடு படகை விட்டு விலகிவிடும். வால் பள்ளத்தில் தாழும், மூக்கு மேலே தூக்கும். அதாவது, தானே எழுப்பிய அலைமேட்டில் படகு ஏற வேண்டியதாகிவிடும். நாம் போடும் பலமெல்லாம் முன்னேறுவதற்குப் பதிலாக அலை எழுப்பவே செலவாகும். அன்று நான் கேட்ட ஓசையும் பார்த்த நுரையும் என் வீரத்தின் அடையாளம் அல்ல. வீணான உழைப்பின் அடையாளம்!

இந்த எல்லை வேகத்தைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. படகு நீரில் படியும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.25ஆல் பெருக்கினால், விநாடிக்கு எத்தனை மீட்டர் என்ற விடை வரும். என் குட்டைப் படகு நீரில் படியும் நீளம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், எல்லை மணிக்கு ஏறக்குறைய 7.1 கிலோமீட்டர். தோழியின் படகுக்கு 4.5 மீட்டர் என்று கொண்டால் 9.5 கிலோமீட்டர். ‘நான் அந்த வேகத்தை எட்டவே இல்லையே, எனக்கு என்ன நட்டம்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த எல்லை திடீரென்று எதிர்ப்படும் சுவர் அல்ல. போகப் போகச் செங்குத்தாகும் மேடு. மணிக்கு 6 கிலோமீட்டரில் என் படகு மேட்டின் கடினமான பகுதியில் ஏறிக்கொண்டிருந்தது. அதே வேகத்தில் தோழியின் படகு இன்னும் சமதரையில் இருந்தது.

எதிர்நீரில் இந்த வித்தியாசம் பன்மடங்காகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதிர்நீரின் வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர். என் வேகம் 5, தோழியின் வேகம் 6.5 என்று வைத்துக்கொள்வோம். கரையைப் பொறுத்தவரை நான் முன்னேறுவது மணிக்கு 3 கிலோமீட்டர், அவள் 4.5. இரண்டு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க எனக்கு 40 நிமிடம் தேவை. அவளுக்கு 27 நிமிடம் போதும். மழை மேகம் துரத்தும்போது அந்த 13 நிமிடம் சாதாரணமானதா?

நேராகப் போவதும் ஒரு திறமை

நீளம் தரும் அடுத்த நன்மை, நேராகப் போவது. கயாக்கில் துடுப்பு ஒரு முறை வலப்புறம், மறுமுறை இடப்புறம் என மாறி மாறி விழுகிறது. வலப்புறம் வலித்தால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். குட்டைப் படகு உடனே கீழ்ப்படிந்துவிடும். அதைச் சரிசெய்ய அடுத்த வலிப்பில் பாதி பலம் போகும். நீண்ட படகின் பக்கவாட்டில் நீர் நெடுகப் பிடித்துக்கொண்டிருப்பதால் அது எளிதில் திரும்பாது. காலையில் நான் கேலி செய்த அதே பிடிவாதம்தான் மாலையில் என் தோழியைக் காப்பாற்றியது. இரண்டு வலிப்புகளுக்கு இடையே அவள் படகு வழுக்கிக்கொண்டே போனது. என் படகோ ஒவ்வொரு வலிப்புக்குப் பின்னும் நின்று நின்று போனது.

மூன்றாவது, அலைகளைக் கடப்பது. காற்று எழுப்பும் நெருக்கமான சிற்றலைகளில் குட்டைப் படகு ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். நீண்ட படகு ஒரே நேரத்தில் இரண்டு முகடுகளின்மேல் பாலம்போலப் படுத்துக்கொள்ளும். ஆட்டம் குறைவு, களைப்பும் குறைவு.

நான்காவது, ஒல்லியான உடல். நூறு கிலோ எடையை மிதக்க வைக்க ஏறத்தாழ நூறு லிட்டர் நீரை விலக்கியாக வேண்டும். இதில் சலுகை கிடையாது. அந்த நூறு லிட்டரை நீளவாக்கில் பரப்பினால் படகை ஒல்லியாக்கலாம். ஒல்லியான படகு எழுப்பும் அலையும் சிறியது. மிக ஒல்லியான படகுகள் நான் மேலே சொன்ன எல்லையைத் தாண்டியே ஓடிவிடும். ஒலிம்பிக் போட்டிகளில் ஒருவர் செலுத்தும் கே-1 படகின் நீளம் 5.2 மீட்டர் வரை இருக்கலாம். வர்க்கமூலக் கணக்கின்படி அதன் எல்லை மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆனால் முன்னணி வீரர்கள் 1,000 மீட்டரை ஏறக்குறைய 3 நிமிடம் 20 விநாடிகளில் கடக்கிறார்கள். அது மணிக்கு 18 கிலோமீட்டர்! இருவர் செலுத்தும் படகு 6.5 மீட்டர், நால்வர் செலுத்தும் படகு 11 மீட்டர்; ஆள் கூடி நீளமும் கூடும்போது வேகமும் கூடுகிறது. நம் நாட்டின் ஸ்டெஃபனி சென் பாரிஸ் 2024 ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்று, ஒலிம்பிக்கில் கால்பதித்த முதல் சிங்கப்பூர்க் கயாக் படகோட்டியானது அத்தகைய கே-1 படகில்தான்.

இதையெல்லாம் ஃபுரூட் சொல்வதற்கு முன்பே நம்மவர்கள் கையால் உணர்ந்திருந்தார்கள். கடற்படைத் தளத்தில் தமிழர்களோடு மலையாளிகளும் பெருமளவில் பணியாற்றினார்கள். அவர்களுடைய சொந்த ஊரான கேரளத்தில் ஓடும் சுண்டன் வள்ளம் நூறடிக்கும் மேல் நீளமுள்ளது. ஏறக்குறைய நூறு பேர் சேர்ந்து வலிப்பது. 1952இல் தொடங்கிய நேரு கோப்பைப் போட்டி இன்றும் ஆலப்புழையில் அந்த வள்ளங்களை வைத்தே நடக்கிறது. அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டு என்பதுதான் அதன் தச்சர்களின் சூத்திரமும்.

நீரிலும் பனியிலும்

நீளத்தின் கவர்ச்சியை உச்சத்தில் காட்டும் படகு ஒன்று உண்டு. அதன் பெயர் ‘சர்ஃப் ஸ்கீ’. அலைச்சறுக்குப் படகு எனலாம். இது பிறந்தது ஆஸ்திரேலியாவில். 1912இல் போர்ட் மெக்குவாரி பகுதியில் முன்னோடிப் படகு ஒன்று பயன்பட்டது, 1933இல் காப்புரிமை பெறப்பட்டது. தொடக்கத்தில் குட்டையாகவும் அகலமாகவும் இருந்த இது, காலப்போக்கில் நீண்டு நீண்டு இன்று 6 மீட்டரைத் தொட்டுவிட்டது; அகலமோ அரை மீட்டருக்கும் குறைவு. ஹவாயில் மோலோக்காய் தீவிலிருந்து ஒவாஹு தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் திறந்த கடலைக் கடக்கும் பந்தயத்தில், தென்னாப்பிரிக்காவின் ஆஸ்கார் சலுப்ஸ்கி 12 முறை வென்றது இத்தகைய படகில்தான். பின்னாலிருந்து வரும் கடலலையின் வேகத்துக்குப் படகு தன் வேகத்தைக் கூட்ட முடிந்தால், அந்த அலை படகைத் தூக்கிக்கொண்டு ஓடும். குட்டைப் படகால் அந்த வேகத்தை எட்டமுடியாது. அலை அதற்கு அடியில் புகுந்து ஓடிவிடும்.

பெயரிலேயே ‘ஸ்கீ’ இருப்பதால் பனிச்சறுக்கையும் சற்றுப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டு ஜூரோங்கில் திறக்கப்பட்ட ‘ஸ்நோ சிட்டி’க்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்களுக்குப் பனிச்சரிவு புதிதல்ல. அனைத்துலகப் பனிச்சறுக்குப் போட்டிகளில், மலையிலிருந்து நேரே பாய்ந்து இறங்கும் ‘டவுன்ஹில்’ பந்தயத்தில் ஆடவர் அணியும் பலகை குறைந்தது 218 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ‘ஸ்லாலம்’ பந்தயத்திலோ 165 சென்டிமீட்டர் போதும். அரை மீட்டருக்கும் மேற்பட்ட வித்தியாசம்! நீண்ட பலகையின் விளிம்பு பனியை நெடுகப் பற்றுவதால் அது வேகத்தில் நடுங்காது. காஷ்மீரின் குல்மார்க் போன்ற இடங்களில் மாவுபோல் குவியும் பனியில், உடல் எடையைப் பரப்பிப் புதையாமல் காப்பதும் நீளமும் அகலமும்தான். குட்டைப் பலகை சட்டென்று திரும்பும், கற்பவருக்கு எளிது.

ஸ்கேண்டிநேவிய நாடுகளில் முற்காலத்தில் ஒரு காலில் நீண்ட பலகையும் மறு காலில் அடியில் தோல் ஒட்டிய குட்டைப் பலகையும் அணிந்து சறுக்கினார்கள் என்று படித்தபோது வியந்தேன். குட்டையானது உதைத்துத் தள்ள. நீண்டது வழுக்கிச் செல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை!

குட்டையும் கைவிடாது

இவ்வளவும் படித்துவிட்டு நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். அடுத்த வாரமே ஒரு பந்தயப் படகைக் கேட்டு வாங்கி அதில் ஏறினேன். ஏறினேன் என்பதைவிடக் கவிழ்ந்தேன் என்பதே சரி. கரையிலிருந்து பத்து மீட்டருக்குள் ஆறு முறை! நீளத்துக்குக் கொடுக்கும் விலை அகலம். அகலம் குறைந்தால் ஆட்டம் கூடும். வேகம் தரும் படகில் உட்காரவே முடியாதவனுக்கு அந்த வேகம் எதற்கு?

பயிற்றுநர் சிரித்துக்கொண்டே குட்டைப் படகின் பெருமைகளை எடுத்துச் சொன்னார். பாறைகள் நிறைந்த ஆற்றில், நொடியில் திரும்பாவிட்டால் ஆபத்து; அங்கே 2 மீட்டருக்கும் குறைவான படகுகள்கூட உண்டு. நீரில் பந்தெறிந்து விளையாடும் கயாக் போலோவில் படகு 3 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதே விதி. சதுப்புநிலக் காட்டின் வேர்களுக்கு இடையே நீண்ட படகு சிக்கிக்கொள்ளும். மிக மெதுவாகப் போகும்போது அலைத்தடை பொருட்டல்ல. நீர் உரசும் தடைதான் முக்கியம். உரசும் பரப்பு குறைவாக உள்ள குட்டைப் படகுக்கே அப்போது சாதகம். இன்னொன்றை நானே சேர்த்துக்கொள்கிறேன்: ஆறு மீட்டர் படகை வீவக மின்தூக்கியில் ஏற்றிப் பன்னிரண்டாம் மாடிக்குக் கொண்டு போக யாராலும் முடியாது!

ஆகவே, கயாக் கற்க விரும்பும் இளையருக்கு நான் சொல்வது இதுதான். முதல் சில நாள்களுக்குக் குட்டையான, அகலமான படகில் ஏறுங்கள். கவிழவும் மீண்டும் ஏறவும் பழகுங்கள். கரையை விட்டுத் தொலைவு போகும் நாள் வந்ததும், 4.5 மீட்டருக்குக் குறையாத, ஓரளவு அகலமுள்ள கடல் கயாக்குக்கு மாறுங்கள். நீரும் காற்றும் எதிரே இருக்கும்போது முதலில் புறப்படுங்கள். திரும்பும்போது அவை உங்களைத் தள்ளிக்கொண்டு வரட்டும். எந்தப் படகானாலும் மிதவை அங்கி கட்டாயம்.

சென்ற டிசம்பரில் அப்பாவை அதே கரைக்கு அழைத்துச் சென்றேன். இருவர் அமரும் நீண்ட கயாக் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். மிதவை அங்கியை மூன்று முறை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டு, முருகனை வேண்டிக்கொண்டு, முன்னிருக்கையில் அமர்ந்தார். கரையோரமாகவே மெல்லப் போனோம். இடுப்பளவு ஆழம்கூட இருக்காது. ஆனாலும் முதல் சில நிமிடங்கள் அவர் பேசவே இல்லை. பிறகு துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, வலிக்காமலே படகு வழுக்கிப் போவதைக் கவனித்தார்.

“பாத்தியா, நின்ன பிறகும் ஓடுது” என்றார்.

முப்பது ஆண்டுகள் கப்பலின் அடிப்பகுதியைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தவர், அன்றுதான் ஒரு படகின் மேலிருந்து நீரைப் பார்த்தார். திரும்பும்போது காற்று எதிரே அடித்தது. எங்கள் படகு நீளமானது, நாங்கள் இருவர். கரையில் இருந்த மரம் இம்முறை நிற்கவில்லை, மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தது.